பூட்டு எதைப் பூட்டுகிறது?

இம்மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கத்துத் தம்பிகள் இருவர் கடைக்கு வந்திருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்துச் சமணக் குறிப்புகள் சிலவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறேன், அதைத் தரட்டுமா என்று கேட்டேன். "ஐயா, கல்வெட்டு போன மலர்லயே வந்துடுச்சு. இந்தத் தடவை வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பிரயோஜனமா, உங்க தொழில் சம்பந்தமாவே ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார் மூத்தவர். இளையவர் தம் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து, அதன் ஓரத்திலிருந்த சிறு துளையைக் காட்டி, "இது எதுக்குங்கய்யா? நாலு வருஷமா வெச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார். கட்டுரைக்குரிய பொருள் அந்தத் துளையிலிருந்தே கிடைத்துவிட்டது.

அடியேன் திருப்பதியில் இரும்புச் சாமான் கடை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு இவைதாம் என் பிழைப்பு. ஆகவே கம்ப்யூட்டர் படித்தவன் போல் எழுதப் போவதில்லை. பூட்டு விற்பவனாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பூட்டு என்னும் சொல்லுக்கு மூடுதல் என்று நாம் பொருள் கொள்கிறோம். அது பிற்காலப் பொருள். ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வண்டியில் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். ஒன்றை இன்னொன்றோடு பிணைத்தலே பூட்டுதல். கதவை நிலையோடு பிணைப்பதால் அந்தக் கருவிக்கும் பூட்டு என்று பெயர் வந்தது. இந்த ஒரு சொல்லுக்குள் பூட்டு சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். பூட்டு தானாக எதையும் காப்பதில்லை. இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டில் எது பலவீனமோ அதன் பலம்தான் பூட்டின் பலம்.

திறப்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் திறவுகோல். சாவி என்பது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் மொழியில் 'சாவே' என்பர். தெலுங்கிலே 'தாளம் செவி' என்கிறார்கள். செவி என்றால் அவர்களுக்கும் காதுதான். பூட்டின் காது! நம் வீட்டுப் பிள்ளைகள் சாவியையும் செவியையும் கலந்து பேசுவதைக் கேட்டு நான் பலமுறை சிரித்ததுண்டு. ஆனால் திறவுகோல் என்பது உவமை இல்லை, உண்மையிலேயே கோல்தான். பழைய கோயில் கதவுகளில் வெளியிலிருந்து ஒரு துளை வழியாக வளைந்த நீண்ட கோலை நுழைத்து, உள்ளே கிடக்கும் தாழை நெம்பித் தள்ளுவார்கள். இதைப் பார்க்க மியூசியம் போக வேண்டாம். திருமலையில் இன்றைக்கும் சுப்ரபாத வேளையில் சன்னிதி கொல்லா எனப்படும் யாதவ மரபினர் தீவட்டியோடு முன்னே வர, அர்ச்சகர் 'குஞ்செகோலா' என்ற கோலைக் கொண்டுவருகிறார். பங்காரு வாகிலி எனப்படும் பொன்வாசலின் திறப்பு அதோடு சேர்ந்தது. தெலுங்கிலும் 'கோலா' என்பது கோல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு எதோடு பிணைக்கிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு முதலில் உறைத்தது புத்தகத்தால் அல்ல.

என் தங்கையின் பேத்தி ஆராய்ச்சிப் படிப்புக்காக வேறொரு ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஊரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வாடகை வீடு. அவள் போகும்போது என் கடையிலிருந்தே நல்ல கனமான பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஏழு லீவர், பித்தளை உடம்பு. "இதை உடைக்க ஆள் பிறந்து வரணும்" என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பினேன். எட்டாம் மாதம் ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. அறையில் இருந்த இரண்டு லேப்டாப்பும் போய்விட்டன. நான் முதலில் கேட்ட கேள்வி, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, "பூட்டை எப்படி உடைச்சான்?" என்பதுதான். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "பூட்டு நல்லாத்தான் இருக்குது தாத்தா. பூட்டினபடியே தொங்குது. அந்த ஆல்டிராப்பைத்தான் கழட்டிட்டுப் போயிட்டான்."

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாடகை வீட்டுக் கதவுகளில் வெளிப்புறம் இருக்கும் நீளத் தாழ்ப்பாளை எங்கள் வியாபாரத்தில் ஆல்டிராப் என்போம். அதைக் கதவில் போல்ட் நட்டு போட்டு, நட்டு உள்பக்கம் வரும்படி முடுக்க வேண்டும். செலவு கருதி நாலு சின்ன மரத் திருகாணியில் நிறுத்திவிடுகிறார்கள். திருகாணியின் தலை வெளியே தெரிகிறது. திருப்புளி இருந்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. ஏழு லீவர் பூட்டு நாலு திருகாணியோடு பூட்டப்பட்டிருந்தது! விற்றவன் நான். கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருஷ ஆராய்ச்சிக் குறிப்பு அந்தப் பெட்டிக்குள் போயிற்று. ஐந்து மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்ததால் பிழைத்தாள். ஐந்து மாத வேலையைத் திரும்பச் செய்ய எட்டு மாதம் ஆயிற்று. போலீசில் எழுதிக் கொடுத்தோம். பொருள் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் லேப்டாப்புக்கென்றே இருக்கும் பூட்டுகளைப் பற்றி விசாரித்துப் படிக்கத் தொடங்கினேன்.

துளையின் கதை

கம்ப்யூட்டருக்குப் பூட்டு என்பது புதிய யோசனை அல்ல. 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. மாடலின் முகப்பிலேயே சாவி போடும் பூட்டு ஒன்று இருந்தது. அதைத் திருப்பினால் கீபோர்டு வேலை செய்யாது, மேல்மூடியையும் கழற்ற முடியாது. அக்காலத்தில் பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்ற பயம் குறைவு. உள்ளே இருக்கும் பாகங்களை உருவிவிடுவார் என்ற பயமே அதிகம். மெமரிச் சில்லுகள் விலை உயர்ந்து விற்ற காலத்தில் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் காலியாக இருக்கும். இன்றும் பல அலுவலகக் கம்ப்யூட்டர் பெட்டிகளின் பின்புறம் ஒரு சிறு இரும்பு வளையம் துருத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். சாதாரணப் பூட்டு ஒன்றை அதில் மாட்டினால் பெட்டியைத் திறக்க இயலாது. நம் சங்க அலுவலகத்துப் பெட்டியிலும் அந்த வளையம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், அதில் காலண்டர் மாட்டும் கயிறு கட்டியிருந்தது.

லேப்டாப் வந்தபின் பயம் மாறியது. முழுப்பொருளையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். 1990களின் தொடக்கத்தில் கென்சிங்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கென்று ஒரு கம்பிப் பூட்டைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் செய்வோரெல்லாம் அதற்கேற்ற துளையைத் தங்கள் பெட்டியிலேயே வைக்கத் தொடங்கினார்கள். அந்தத் தம்பி காட்டிய துளை அதுவே. அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 7 மில்லிமீட்டர். பூட்டின் முனை இங்கிலீஷ் 'டி' எழுத்து வடிவில் இருக்கும். துளைக்குள் நேராக நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே குறுக்காக நின்றுகொள்ளும். திரும்பி வராதபடி இரு பக்கமும் இரண்டு முளைகள் துளையை அடைத்துக்கொள்ளும். நம் வீட்டு ஜன்னல் கொக்கியைத் திருப்பி மாட்டுவது போலத்தான். பூட்டின் மறுமுனையில் பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி வடம், ஏறக்குறைய ஆறடி நீளம், கடைசியில் ஒரு கண். அசையாத ஏதேனும் ஒன்றைச் சுற்றி வடத்தை அதன் கண்ணுக்குள்ளேயே நுழைத்து இழுத்துவிட்டுப் பிறகு லேப்டாப்பில் பூட்ட வேண்டும்.

இப்போது லேப்டாப்கள் மெலிந்துவிட்டதால் துளையும் மாறிவிட்டது. சிலவற்றில் நானோ என்று சொல்லும் 2.5க்கு 6 மில்லிமீட்டர் துளை. டெல் மாடல்கள் பலவற்றில் ஆப்பு வடிவத் துளை. ஒன்றின் பூட்டு இன்னொன்றுக்குச் சேராது. ஆப்பிள் மேக்புக்குகளில் துளையே வைப்பதில்லை. அடியில் தகடு ஒட்டி அதில் பூட்ட வேண்டும். ஆகவே கடையில் போய் "லேப்டாப் பூட்டு கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் இந்த விஷயத்தில் ஒருவருக்கு மூன்று முறை பூட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நிமிஷக் கணக்கு

அப்படியானால் இந்தப் பூட்டு திருடனைத் தடுக்குமா? நேர்மையாகச் சொல்கிறேன்: பூட்டும் என் கடையில்தான் விற்கிறது, அந்த வடத்தை வெட்டும் கட்டரும் என் கடையில்தான் விற்கிறது. இரண்டுக்கும் நடுவே வாடிக்கையாளர் வாங்குவது நேரத்தை.

பூட்டு நேரத்தைத்தான் விற்கிறது என்பதற்கு உலகப் பிரசித்தமான கதை ஒன்று உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784இல் வட்டச் சாவிப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சாவி குழாய் போலிருக்கும். அதன் விளிம்பில் வெட்டுகள். தம் கடைக் கண்ணாடியில் அந்தப் பூட்டை வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் யாரும் வாங்கவில்லை. 1851இல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வித்தகர் திறந்துவிட்டார். ஆனால் எவ்வளவு நேரத்தில்? பதினாறு நாட்களில் பரவலாக 51 மணி நேரம்! எந்தத் திருடன் வந்து 51 மணி நேரம் உட்கார்ந்திருப்பான்? வியாபாரியின் கணக்கில் பிராமா தோற்கவே இல்லை என்பேன்.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. பிராமாவின் சாவியைப் பார்ப்பதற்கு ஒத்த வட்டச் சாவிதான் பிற்காலத்தில் சைக்கிள் பூட்டுக்கும், குளிர்பான இயந்திரத்துக்கும், லேப்டாப் வடப் பூட்டுக்கும் வந்தது. உள்ளே இருக்கும் வேலைப்பாடு வேறு. வட்டமாக அடுக்கிய சின்ன ஊசிகள். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்னும் பெயர்போன சைக்கிள் பூட்டை ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அழுத்தித் திருப்பித் திறந்து காட்டிவிட்டார்கள். வளைந்துகொடுக்கும் குழாய் அந்த ஊசிகளுக்கு ஏற்றபடி தானே பதிந்து சாவியாகிவிடுகிறது. கம்பெனி பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவை கொடுக்க வேண்டியதாயிற்று. அதே வகை வட்டச் சாவி லேப்டாப் பூட்டுகள் சிலவும் இப்படியே திறந்தன. ஆகவே கென்சிங்டன் துளைக்கான பூட்டு என்று பெயர் எழுதியிருந்தாலும், மலிவான வட்டச் சாவிப் பூட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். தட்டைச் சாவி உள்ளது மேல்.

சாவி தொலைத்துவிடுவோம் என்று பயந்து எண் பூட்டு வாங்குவோர் உண்டு. தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் சேர்க்கை. ஒன்றுக்கு இரண்டு விநாடி வைத்தாலும் 2,000 விநாடி, அதாவது 33 நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஹாஸ்டல் பிள்ளைகள் சினிமாவுக்குப் போய் வரும் நேரத்தில் பாதிகூட இல்லை. நாலு சக்கரம் என்றால் பத்தாயிரம். ஐந்தரை மணி நேரம் ஆகும். ஒரு சக்கரம் கூடுவதில் இவ்வளவு வித்தியாசம். ஆனால் நம்மவர்களின் சோம்பல் இந்தக் கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். பூட்டும்போது நாலு சக்கரத்தையும் கலைப்பதில்லை. கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு எண் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்கள். பத்தாயிரம் அப்போது பத்தாகிறது.

எதோடு கட்டுவது?

இதுதான் முக்கியம், ஆல்டிராப் கதையும் இதுதான். வடம் நல்ல வடம், பூட்டு நல்ல பூட்டு, துளையும் சரி. மறுமுனை எங்கே? மேஜைக் காலைச் சுற்றிக் கட்டினால் மேஜையின் ஒரு மூலையைத் தூக்கினால் போதும், வடம் கழன்று கையோடு வந்துவிடும். நாற்காலியில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் கட்டில் கால் என்றாலும் இதே கதிதான், கட்டிலைத் தூக்க இரண்டு பேர் தேவைப்படலாம், அவ்வளவே. கட்டிலின் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம், இருபுறமும் வெல்டிங் வைத்து மூடியது, நல்லது. அதைவிட நல்லது நம் ஊர் ஜன்னல் கம்பி. வெள்ளைக்காரன் தன் மேஜையை நம்பி இந்தப் பூட்டைச் செய்தான். சுவரில் பதித்த ஜன்னல் கம்பி நம் வீட்டில் இருக்கிறது. ஆனால் ஜன்னல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியில் கட்டாதீர்கள். வெளியிலிருந்து கை எட்டும்.

இன்னொரு முனையையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் துளை வெறும் பிளாஸ்டிக் ஓட்டில் இருக்கிறது. உள்ளே உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்காது. முரட்டுத்தனமாக இழுத்தால் ஓடு பிய்ந்து வரும். பெட்டி கிழிந்தால் விற்க விலை போகாது என்று திருடன் தயங்குவான் என்பது பூட்டுக் கம்பெனிகளின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. கண்ணெதிரே பூட்டாமல் இன்னொன்று கிடக்கும்போது பூட்டினதில் ஏன் கை வைக்கப் போகிறான் என்பதே அதைவிடப் பெரிய உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வடப் பூட்டு மேல்நாட்டு நூதனம் என்று எண்ண வேண்டாம். நம் ரயிலில் எத்தனை காலமாக இருக்கிறது! கீழ் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையம் தொங்கும். ஸ்டேஷனில் சங்கிலியும் பூட்டும் விற்பான். பெட்டியைச் சங்கிலியில் கோர்த்து வளையத்தில் பூட்டிவிட்டுத் தூங்குவோம். நம் குடும்பங்கள் சென்னைக்கும் வேலூருக்கும் இப்படித்தானே போய்வருகின்றன. ஒன்று மட்டும்: பெட்டியின் கைப்பிடியில் சங்கிலியைக் கோர்ப்பார்கள், கைப்பிடி இரண்டு திருகாணியில் நிற்கிறது. மறுபடியும் திருகாணி! லேப்டாப் உள்ள பையைச் சங்கிலியில் கோர்த்தால் பையின் ஜிப் திறந்தபடி இருக்கும். ரயிலில் அதைத் தலைக்கு வைத்துப் படுப்பதே உத்தமம்.

தரிசனத்துக்கென்று நம் வீடுகளுக்கு வரும் உறவினரும் லேப்டாப் பையோடு வருகிறார்கள். ஆபீஸ் விடுவதில்லை, பாவம். திருமலையில் கோயிலுக்குள் செல்போனோ லேப்டாப்போ கொண்டுபோக அனுமதி இல்லை. அலிபிரி வழியாக நடந்து ஏறுவோரின் மூட்டைகளைத் தேவஸ்தானமே இலவசமாக மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் லேப்டாப்பை நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். லாட்ஜ் அறையின் மர அலமாரியில் வைத்துப் பூட்டுவது வேண்டாம். அந்த அலமாரிப் பூட்டுகளை யார் யாருக்கு விற்றேன் என்று எனக்குத் தெரியும். ஒரு டஜனில் நாலு பூட்டு ஒரே சாவிக்குத் திறக்கும்.

பூட்டு வியாபாரத்தைச் சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று எத்தனை வகை! லீவர் ஒவ்வொன்றையும் கையால் அராவி, அந்தப் பூட்டுக்கென்றே சாவி வெட்டுவார்கள். அச்சில் அடித்த மலிவுப் பூட்டில் சாவி ஒத்துப்போவது போல் இதில் ஒத்துப்போவது அரிது. அலிகார் சரக்கு விலையில் அடித்துவிட்டது. தொழிலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே பழைய ஆசாரி ஒருவரிடம் லேப்டாப் துளையைக் காட்டி, இதற்கு ஒரு பூட்டு செய்வீர்களா என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டை சின்னதுங்க. பூட்டு செஞ்சிடலாம். ஆனா இந்தப் பெட்டி தாங்காதே" என்றார். ஒரு விநாடியில் அவர் கண் போன இடத்தைப் பாருங்கள்!

வாங்குகிறவர்கள்

திருடுபோன பொருளை விற்க ஆள் வேண்டும், வாங்கவும் ஆள் வேண்டும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபின், பள்ளி அறைகளின் பூட்டை உடைத்து அவற்றை அள்ளிச் சென்ற செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வந்தன. அரசு அடையாளம் உள்ள பொருளையே வாங்க ஆள் இருந்தார்கள் என்றால், அடையாளமே இல்லாத நம் வீட்டு லேப்டாப்புக்குச் சொல்லவா வேண்டும்?

எங்கள் சமயத்தில் இல்லறத்தார்க்குச் சொன்ன ஐந்து அணுவிரதங்களில் கள்ளாமை ஒன்று. அந்த விரதத்துக்கு வரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாகச் சொல்கிறது: திருடனை ஏவுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசாணை மீறிய வாணிபம், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், போலியை நல்ல சரக்கென்று விற்றல். ஐந்தும் வியாபாரிக்கே சொன்னது போலிருக்கும். இவற்றில் இரண்டாவதற்குத்தான் இப்போது அதிக இடம். பழைய லேப்டாப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பில் கேட்காமல் வாங்குகிறோம். சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 411ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 317ஆம் பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பொருந்தும். பையனுக்கு லாபமாக வாங்கிக் கொடுத்தோம் என்று நினைக்கும் தகப்பனார்கள் கவனிக்க வேண்டும்.

செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது, தொலைந்தால் அதை வைத்து முடக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களுக்கு அது கிடையாது. சீரியல் எண் மட்டுமே உண்டு. அடியில் ஒட்டியிருக்கும், அட்டைப் பெட்டியிலும் இருக்கும். வாங்கிய அன்றே பில்லோடு சேர்த்து எழுதி வையுங்கள். எங்களுக்கு அந்த எண்ணைத் தேடவே நாலு நாள் ஆயிற்று. அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தாள். வெளியூரில் திருடு போனாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. பெயரையும் ஊரையும் அடிப்புறத்தில் அழியாதபடி பொறித்து வைப்பதும் நல்லது. பார்க்க அழகாக இராது. திருடனுக்கும் அது அழகாக இராது.

பூட்டு காக்காதது

இவ்வளவும் பெட்டியைக் காக்கும் வழிகள். பேத்தி அழுதது பெட்டிக்காக அல்ல. உள்ளே இருந்ததற்காக. அதற்கு எந்தப் பூட்டும் உதவாது. வேறொருவர் கையில் போனால் படிக்க முடியாதபடி விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிளில் ஃபைல்வால்ட் என்று மறையாக்கும் வசதிகள் இருக்கின்றன. பிள்ளைகளையே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். தொலைந்தது திரும்ப வேண்டுமானால் இன்னோரிடத்தில் பிரதி இருந்தால்தான் உண்டு.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு கல்லறையில் வைத்தார்கள். சங்கீர்த்தன பண்டாரம் என்று அதற்குப் பெயர். பிறகு அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிற்று. 1922இல் வெளிப்பட்டது என்பர். நூற்றாண்டுகள் அந்த அறை காத்தது உண்மை. ஆனால் ஓலையோடும் வாய்ப்பாட்டோடும் நிறுத்திவிடாமல் செம்பில் ஒரு பிரதி எடுத்தார்களே, அந்தப் பிரதிதான் மிஞ்சியது. அறை பூட்டு, செப்பேடு பென்டிரைவ் என்று சொன்னால் பக்தர்கள் என்னைக் கோபிக்கக் கூடாது.

பேத்தி படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்துவிட்டு, வடத்தை எடுத்து ஜன்னல் கம்பியைச் சுற்றிப் பூட்டினாள். என் வீட்டுக்காரி, "இங்கயுமாடி? நாங்க எடுத்துக்குவோம்னா?" என்று கேட்டாள். "பழக்கம் ஆயா" என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பென்டிரைவை என் கையில் கொடுத்து, "தாத்தா, இது உங்க கடை இரும்புப் பெட்டியில இருக்கட்டும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திட்டுப் போறேன்" என்றாள். அந்தப் பெட்டி தரையில் நாலு போல்ட் போட்டு, நட்டு உள்பக்கம் வைத்து முடுக்கியது. பென்டிரைவ் அதில் என் கல்வெட்டு நோட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நோட்டுகளுக்கு இன்னும் பிரதி எடுக்கவில்லை. சங்கத்துத் தம்பிகளில் ஒருவர் ஸ்கேன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.